கிட்டார் டேப்பில் எண்களுக்கு நடுவே வரும் எழுத்துகள் என்ன? நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி நம் சிங்கப்பூரின் சுவா சூ காங்கிலிருந்து வந்திருக்கிறது. "அண்ணா, சின்ன வயதில் வீணை கற்றுக்கொண்டேன். இப்போது பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஓர் அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கி, டேப் (எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்று எண்களால் காட்டும் குறிப்பு) பார்த்து வாசிக்கிறேன். எண்களைச் சரியாகத்தான் வாசிக்கிறேன், ஆனால் பாட்டு பாட்டு மாதிரியே இல்லை. நடுநடுவே எச், பி, சாய்கோடு என்று வருகிறதே, அதெல்லாம் என்ன?"

முதலில் கம்பி வரிசையைப் பார்த்துவிடுவோம், பலருக்கும் குழப்பம் அங்கேதான். டேப்பில் ஆறு கோடு, ஆறு கம்பி. அடிக்கோடுதான் தடித்த கம்பி, மேல்கோடு மெல்லியது. கையில் பிடித்திருக்கும்போது தடித்த கம்பி மேலேதானே இருக்கிறது என்று தோன்றும். கிட்டாரை மடியில் மல்லாக்க வைத்துப் பாருங்கள், தடித்தது உங்கள் வயிற்றுப் பக்கம், அதாவது கீழே வந்துவிடும். உங்கள் சந்தேகமும் நியாயம்தான். 1507-இல் வெனிஸில் பெட்ருச்சி அச்சிட்ட லூட் (கிட்டார் மாதிரியான பழைய தந்தி வாத்தியம்) புத்தகத்தில் தடித்த கம்பிக்கு மேல்கோடுதான் கொடுத்திருக்கிறார்கள்.

எண் என்பது எந்த ஃபிரெட், அவ்வளவுதான். ஃபிரெட் என்றால் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டை, வீணையின் மெட்டு மாதிரி. பூஜ்யம் என்றால் ஃபிரெட்டைத் தொடாமல் வெறும் கம்பி. எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் சேர்த்து அடிக்க வேண்டும்.

சரி, எழுத்துகளுக்கு வருவோம். நீங்கள் 5எச்7 என்று பார்த்தால் என்ன செய்கிறீர்கள்? ஐந்தை ஒரு தடவை, ஏழை ஒரு தடவை மீட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாட்டு பாட்டாக இல்லாததற்கு அதுதான் காரணம். எச், பி, சாய்கோடு எல்லாமே வலது கைக்குச் சொல்வது ஒன்றுதான்: இரண்டாவது ஸ்வரத்துக்கு நீ சும்மா இரு. ஒரே மீட்டில் இரண்டு ஸ்வரம். வீணையில் இதைத்தானே செய்தீர்கள்?

எச் என்பது ஹாமர் ஆன். ஆள்காட்டி விரல் ஐந்தில், மீட்டுங்கள், ஒலி அடங்குவதற்குள் மோதிர விரலை ஏழில் இறக்குங்கள். அழுத்துவது போதாது, தட்ட வேண்டும். ஃபிரெட் பட்டைக்கு ஒட்டினாற்போலப் பின்னால் விழுந்தால் கணீரென்று கேட்கும், நடுவில் விழுந்தால் மொத்தென்று இருக்கும்.

பி என்பது புல் ஆஃப், அதற்கு நேர் எதிர். 7பி5 என்றால் இரண்டு விரலும் முன்கூட்டியே அங்கே இருக்க வேண்டும். ஏழில் இருக்கும் விரலை அப்படியே தூக்கினால் சத்தம் செத்துவிடும். தரைப் பக்கமாகக் கம்பியைச் சுண்டிவிட்டு எடுங்கள், அந்த விரலே மீட்டும் விரல்.

சாய்கோடு ஸ்லைடு, விரலை எடுக்காமல் அடுத்த எண்ணுக்கு நகர்த்துவது, வீணை வாசித்த உங்களுக்கு ஜாரு. நகரும்போது அழுத்தத்தைத் தளர்த்திவிடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் துணியால் துடைத்துவிட்டால் விரல் வழுக்கும்.

இன்னொரு பியும் உண்டு, பெண்டுக்கு. தமிழில் எழுதினால் இரண்டும் பி, திரையில் இப்போது காட்டுகிறேன் பாருங்கள், எழுத்து வேறு: புல் ஆஃபுக்கு p, பெண்டுக்கு b. 7-இல் அழுத்தி மீட்டிவிட்டுக் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி, 9-இன் சுருதி வரவேண்டும். முதலில் 9-ஐ வாசித்துக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் 7-இலிருந்து தள்ளி அதைப் பிடியுங்கள். ஒரு விரலால் முடியாது, பின்னால் இரண்டு விரல் முட்டுக்கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. அந்த டேப் எலக்ட்ரிக் கிட்டாருக்கு எழுதியதாக இருக்கலாம். அதில் மெல்லிய பக்கத்திலிருந்து மூன்றாவது கம்பி பொதுவாக வெறும் இரும்புக் கம்பி. உங்கள் அக்கூஸ்டிக்கில் அதே கம்பி மேலே சுற்றுக்கம்பி போட்ட தடிமனான கம்பி, முழு ஸ்வரத்துக்குத் தள்ளினால் விரல்தான் நோகும். கூச்சப்படாமல் அந்த இடத்தில் ஸ்லைடு போடுங்கள்.

அலைகோடு வந்தால் விரலை அசைக்க வேண்டும், பெருக்கல் குறி வந்தால் இடது விரலைக் கம்பிமேல் லேசாக வைத்து 'டக்' என்று அடிக்க வேண்டும். இவை இரண்டும் கேட்டாலே புரிந்துவிடும்.

கேட்பது பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். விரல் எங்கே என்று டேப் சொல்லும், எவ்வளவு நேரம் என்று பெரும்பாலும் சொல்லாது. எண்களுக்கு இடையே இருக்கும் இடைவெளியைத் தாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யூடியூபில் பாட்டைப் பாதி வேகத்தில் போடுங்கள், சுருதி மாறாது, கூடவே கையால் தாளம் போட்டுப் பார்த்துவிட்டுக் கிட்டாரை எடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பாட்டோடு சேரவில்லை என்றால், டேப்பின் தலைப்பில் ட்யூனிங் (கம்பிகளின் சுருதி அமைப்பு), கேப்போ (கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வி) பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். கேப்போ 2 என்றிருந்தால் பூஜ்யம் என்பது கேப்போ இருக்கும் இடம், மற்ற எண்களையும் அங்கிருந்துதான் எண்ண வேண்டும்.