கடல் மீன் தொட்டியில் புது மீன் விடப் போறீங்களா?

(காட்சி: கடைத் தொட்டியில் பௌடர் ப்ளூ டாங்)

இந்த நீல மீனைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? எங்கள் இலங்கைக் கடலிலேயே கிடைக்கிற மீன். ஆனால் விலை கேட்பதற்கு முன்னம், வீட்டுத் தொட்டியில் ஏற்கெனவே யார் இருக்கிறார் என்று யோசியுங்கள். கடல் மீன்களில் பல, தான் ஒதுங்கும் பாறையைத் தன் சொத்தாகவே வைத்திருக்கும். பிறகு வருபவனை உள்ளே விடாது.

அதனால் சாதுவான மீன் முதலில், சண்டைக்காரன் கடைசியில். ஃபயர்ஃபிஷ், கோபி முன்னால் போகட்டும். பிள்ளைகள் கேட்கும் நீமோ, அதாவது கிளவுன் மீன், சோடியாக அடுத்தது. டாமசல் மலிவு, இலேசில் சாகாது, அதை முதலில் விடுங்கள் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். விரல் நீளமே உள்ள அந்த மீன் பின்னால் வருகிற ஒவ்வொன்றையும் துரத்தித் துரத்திக் கடிக்கும். லயன்ஃபிஷ் வம்புக்குப் போகாது, ஆனால் வாயில் அடங்குவதை விழுங்கிவிடும். பௌடர் ப்ளூ டாங்? வெள்ளவத்தை ஃபிளாட்டில் மூன்றடித் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆசையை விட்டுவிடுங்கள். நாள் முழுக்க நீந்த இடம் வேண்டிய மீன் அது.

மே முதல் செப்டம்பர் வரை எங்கள் பக்கக் கடல் கொந்தளிப்பதால், கிழக்குக் கரையில் பிடித்த மீன்தான் கொழும்புக்கு அதிகம் வரும். நீண்ட பயணம், களைத்திருக்கும். கடையில் அது சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

(காட்சி: சின்னத் தொட்டி, ஸ்பொஞ்ச் ஃபில்டர், பிவிசி குழாய்த் துண்டு)

வீட்டில் நான்கு வாரமாவது இப்படித் தனித் தொட்டியில் வையுங்கள். சீனி தூவினாற்போல் வெண்புள்ளி வந்தால் அது ஒட்டுண்ணி. புள்ளி மறைந்ததும் சுகமாகிவிட்டது என்று நம்பாதீர்கள். அது மீனிலிருந்து கழன்று, அடியில் ஒட்டிப் பெருகி, மறுபடி மீனைத் தேடி வரும். இதற்குக் கொடுக்கிற செம்பு மருந்து பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். அதனால்தான் தனித் தொட்டி.

கடைகளில் உப்பைக் குறைத்து வைத்திருப்பதும் உண்டு. பையைத் திறந்ததும் அந்தத் தண்ணீரை அளந்து, சின்னத் தொட்டியின் உப்பையும் அதற்குச் சரிசெய்து, மீனை உடனே மாற்றுங்கள். பைத் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். திறந்து காற்றுப் பட்டதும் அதன் நஞ்சு கூடும், ஆகவே மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கலந்துகொண்டிருக்க வேண்டாம். அப்புறம் சில நாளில் மெல்ல மெல்லப் பெரிய தொட்டியின் உப்பு அளவுக்கு, அதாவது உப்புமானியில் 1.025 ஒப்படர்த்திக்கு, உயர்த்தலாம்.

(காட்சி: பெரிய தொட்டி, லைட் அணைந்திருக்கிறது)

மாற்றும் நாளில் பழைய மீன்களுக்கு வயிறாரக் கொடுங்கள். இரண்டு மூன்று பாறையை இடம் மாற்றினால் பழையவனுக்கும் எல்லை குழம்பும். புதியவனை முதலில் துளையிட்ட கண்ணாடிப் பெட்டியில் விடுங்கள். பழைய மீன் செட்டையை விரித்துப் பெட்டியை முட்டும். முட்டுவதை விட்டுத் தன் பாட்டுக்கு மேயத் தொடங்கியதும் திறந்துவிடலாம்.

ஃபயர்ஃபிஷ் இருந்தால் தொட்டிக்கு மேல் வலை கட்டாயம். பயந்தால் வெளியே பாய்ந்துவிடும்.