மணி கட்டாத யானை

(கூடலூரில் வன உயிரின வாரத்தையொட்டி நடந்த கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வனத்துறை, வருவாய்த் துறை, காவல்துறை அதிகாரிகளே, வணிகப் பெருமக்களே, ஜீப் ஓட்டும் தம்பிமார்களே, விடுதி நடத்தும் அன்பர்களே, மசினகுடியிலிருந்தும் தெப்பக்காட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மண்டபத்தைக் கொடுத்து உதவிய தலைமையாசிரியர் அவர்களுக்கு முதல் நன்றி. வட்டாட்சியர் அம்மா ஒரு ஆய்வுக் கூட்டத்தை முடித்த கையோடு நேராக இங்கே வந்திருக்கிறார். மதியம் சாப்பிட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. அவருக்கு என் வணக்கம். எனக்கு முன் பேசிய வனச்சரகர் அவர்கள் சட்டப் பிரிவுகளையெல்லாம் தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பின் பேசவிருக்கும் மருத்துவர் அவர்கள் பாம்புக்கடிக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்று விரிவாகச் சொல்வார். அந்தப் பக்கம் நான் போகப்போவதில்லை. நாற்காலி வேண்டாம் என்று மேடை ஓரத்தில் நிற்கும் காட்டுநாயக்கர் பழங்குடிப் பெரியவருக்குத் தனி வணக்கம். ஐயா, தயவுசெய்து உட்காருங்கள். இந்த மண்டபத்தில் காட்டை அதிகம் அறிந்தவர் நீங்கள்தான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தேசியப் பூங்காவில் பயணிகள் பாதுகாப்பு’. தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்து: சென்னை நகரத்துக்குள் கிண்டி, கடலில் மன்னார் வளைகுடா, ஆனைமலையில் இந்திரா காந்தி பூங்கா, நம் மலைமேல் முக்குருத்தி, அப்புறம் நம் முதுமலை. முக்குருத்திக்குள் நினைத்தவர் நினைத்தபடி நுழைய முடியாது. முதுமலை அப்படியா? நடுவே தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. மைசூரில் கல்யாணத்துக்குப் போகிறவர், ஊட்டிக்குத் தேனிலவுக்கு வருகிறவர், காய்கறி லாரிக்காரர் எல்லோரும் புலி நடமாடும் காட்டைத்தான் கடக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தாம் ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறோம் என்பதே தெரியாது. டிக்கெட் வாங்கி வனத்துறை வண்டியில் சவாரி போகிறவர் பத்திரமாகத் திரும்பிவிடுகிறார். வண்டியில் டிரைவர் இருக்கிறார், காட்டைத் தெரிந்த ஆள் இருக்கிறார், யாரையும் கீழே இறங்க விடமாட்டார்கள். டிக்கெட்டே வாங்காமல் காட்டைக் கடக்கிறாரே, அவருக்குத்தான் ஆபத்து.

நான்கு விஷயங்கள் சொல்ல வந்திருக்கிறேன். சாலை, தண்ணீர், நெருப்பு, காவல்.

சாலையிலிருந்து தொடங்குகிறேன். ‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்வேன். என் கூட்டங்களுக்கு வருகிறவர்களுக்கு இது பழக்கம். அது கோயில் யானைக்குச் சொன்னது. கழுத்தில் மணி கட்டியிருக்கும், தெருமுனையில் வரும்போதே குழந்தைகள் வாசலுக்கு ஓடிவருவார்கள். காட்டு யானைக்கு யார் மணி கட்டுவது? ஐந்து டன் எடை வரை உள்ள ஒரு பெரிய கொம்பன் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் பத்தடியில் நின்றாலும் உங்களுக்குத் தெரியாது. இந்த உண்ணிச்செடி சாலையின் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி வளர்ந்துவிட்டது. சாலையோரத்தில் அதை வெட்டி ஒதுக்குவதை அழகுக்காகச் செய்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். யானைக்கும் நமக்கும் ஒருவரையொருவர் பார்க்க நேரம் கிடைக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த வேலை.

மணி இல்லாவிட்டாலும் யானை முன்கூட்டியே சொல்லத்தான் செய்கிறது. மேய்கிற யானை காதை ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் காது சட்டென்று நின்றுவிட்டால் அது உங்களைக் கவனிக்கிறது. தும்பிக்கையைத் தூக்கி உங்கள் பக்கம் மோந்து பார்க்கும், முன்காலை முன்னும் பின்னும் ஆட்டும், மண்ணை வாரித் தூற்றும், காதை விரித்துத் தலையை உயர்த்தும். கன்னத்தில் மதநீர் வழிகிற ஆண் யானையாக இருந்தால் இத்தனை சொல்லவும் அதற்குப் பொறுமை இருக்காது. ஓடத் தொடங்கினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை வரும். நம்மில் யாரும் அந்த வேகத்தில் புதரையும் பள்ளத்தையும் தாண்டி ஓட முடியாது.

2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் ஜெர்மனியிலிருந்து வந்த முதியவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகும்போது யானை தாக்கி இறந்துபோனார். மற்ற வண்டிகள் நின்றுவிட்டன, அவர் கடந்துவிடலாம் என்று நினைத்துவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் நமக்கு அடுத்த பந்திப்பூரில் ஒருவர் சாலையில் இறங்கி யானையைப் படம் எடுக்கப் போய், துரத்தப்பட்டு, மிதிபட்டு, உயிர் பிழைத்தார். அவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் போட்டார்கள். தேசியப் புலிகள் காப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல், சுற்றுலா வண்டிக்கும் விலங்குக்கும் இடையே குறைந்தது 20 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. அதுவும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குச் சொன்ன கணக்கு. கீழே இறங்கியவருக்குப் பாதுகாப்பான தூரம் என்று ஒன்று கிடையாது.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். பொங்கல் விடுமுறை. நான் கூடலூரிலிருந்து மசினகுடிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். தெப்பக்காடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் முன்னால் ஒரு வேன். சமவெளியிலிருந்து வந்த குடும்பம். மாப்பிள்ளை, மாமனார், பெண்கள், குழந்தைகள், ஒரு பாட்டி. வலதுபக்கம் ஒரு பெண் யானை, காலடியில் குட்டி. மாப்பிள்ளை கீழே இறங்கிவிட்டார். யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் குச்சி, குச்சி நுனியில் போன். மாமனாரும் சும்மா இருக்கவில்லை, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கதவைத் திறக்கிறார். கோயில் யானைக்குக் கொடுத்துப் பழகிய கை! எங்கள் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. அடித்தால் யானை மிரளும் என்று அவருக்குத் தெரியும். பஸ்ஸில் இருந்த எங்களுக்கு மூச்சே வரவில்லை.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பச்சை உடுப்பில் ஒரு தம்பி பைக்கை ஓரம் கட்டிவிட்டு நடந்து வந்தான். வனத்துறைக்காகக் காட்டைக் காவல் காக்கும் வாட்சர். கையில் ஒரு தடி, வேறொன்றும் இல்லை. அவன் மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை, யானையின் காதையே பார்த்துக்கொண்டு வந்தான். வேன் டிரைவரிடம் மெதுவாக, “அண்ணே, இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க, நான் கை காட்டுனதும் பின்னால எடுங்க” என்றான். பெரியவர் கையிலிருந்து பழத்தை வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்தான். அப்புறம் மாப்பிள்ளையிடம், “சார், திரும்பிப் பாக்காம வண்டியில ஏறுங்க” என்றான். மாப்பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? “ஒரே ஒரு போட்டோ தம்பி!”

காது நின்றுவிட்டது. நாங்கள் பஸ்ஸிலிருந்தே பார்த்தோம். வாட்சர் சொல்லிக் கேட்காத அந்த மனிதரைப் பாட்டி ஒரே அதட்டில் ஏற்றினார். “ஏலே, என் பேத்தி தாலி உன் கையிலயா இருக்கு? ஏறுலே வண்டியில!” மனுஷன் பாய்ந்து ஏறினார். வேன் பின்னால் நகர்ந்தது, யானை பிளிறிக்கொண்டு சாலை வரைக்கும் வந்து, அந்த மாப்பிள்ளை நின்றிருந்த இடத்தில் நின்றது. அதே இடத்தில். கொஞ்ச நேரம் தலையை ஆட்டிவிட்டுக் குட்டியை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

எல்லோரும் அமைதியான பிறகு மாமனார் சட்டைப் பையிலிருந்து 500 ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். தம்பி வாங்கவில்லை. பாட்டிதான் கேட்டார்: “உனக்கு கவர்மெண்ட் சம்பளம் நல்லா வருதாய்யா?” அவன் சொன்ன பதிலை நான் இன்னும் பல மேடைகளில் சொல்வேன். “வேலை கவர்மெண்ட் வேலைதான் பாட்டி. நான்தான் கவர்மெண்ட் ஆள் இல்ல.”

(கைதட்டல்)

மணியோசை வரும் முன்னே என்றேன் அல்லவா? மணி கட்டாத யானைக்கு மணி அந்தத் தம்பிதான். இதைச் சொல்லத்தான் நான் இன்று இங்கே வந்தேன்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல நேரம் போதாது. மாயாற்றுப் பக்கம் இறங்காதீர்கள், அருவியில் தண்ணீர் நிறம் மாறினால் உடனே வெளியே வாருங்கள். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் செய்தியில் பார்த்தோம்.

நெருப்புக்கு வருகிறேன். குரங்கணியை யாரும் மறந்திருக்க முடியாது. 2018 மார்ச் 11. போடி மலையில் காய்ந்த புல்லில் தீ ஏறியது, மலையேறப் போன பிள்ளைகளில் 23 பேரை இழந்தோம். ஹெலிகாப்டரும் கமாண்டோவும் வருவதற்கு முன்பே மேலே ஏறியவர்கள் அந்த மலையடிவாரத்து ஜனங்கள். போர்வையில் கட்டித் தோளில் சுமந்து இறக்கினார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை அறிவித்து, உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. தீ எரியும் பருவத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக எடுத்திருப்பது சரியான காரியம். ஆனால் வழிகாட்டியை மதிக்கத் தெரிந்த நமக்கு, வருஷம் முழுக்கக் காட்டுக்குள்ளேயே கிடக்கும் வாட்சரை மதிக்க ஏன் மனம் வரவில்லை?

வேட்டைத் தடுப்புக் காவலர் என்று கோப்பில் அவர்களுக்குப் பெயர். வேட்டையை மட்டுமா தடுக்கிறார்கள்? தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறவர்கள் அவர்கள். ஊருக்குள் வந்த யானையை இரவெல்லாம் விரட்டுகிறவர்கள் அவர்கள். வழி தவறிய பயணியைத் தேடிப் போகிறவர்களும் அவர்கள். 2021-இல் மசினகுடி, கூடலூர் பக்கம் நம்மையெல்லாம் தூங்கவிடாமல் செய்த, வனத்துறை எம்.டி.டி-23 என்று குறித்த புலியை ஏறத்தாழ மூன்று வாரம் தேடினார்களே, டிரோன் பறந்தது, கும்கி வந்தது, மோப்ப நாய் வந்தது. கால்தடம் பார்த்து, புல் மடங்கியதைப் பார்த்து வழி சொன்னவர்கள் நம் பழங்குடிக் காவலர்கள். அக்டோபர் 15-ஆம் தேதி அந்தப் புலியை உயிரோடு பிடித்தார்கள். அன்றைக்கு மாலை போட்டோம். மறுநாள் அவர்கள் சம்பளத்தைப் பற்றி யாராவது கேட்டோமா?

ஊட்டிக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. அடுத்த ஆண்டு கோடைக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். நல்லது, வேண்டியதுதான். பந்திப்பூர் வழி இரவு ஒன்பது மணிக்கு மூடிக் காலை ஆறு மணிக்குத் திறப்பதையும் நான் எப்போதும் ஆதரித்தே வந்திருக்கிறேன், வணிகப் பெருமக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் வாசலில் வண்டியை எண்ணிவிட்டால் போதுமா? எண்ணி உள்ளே விட்ட வண்டி எந்த வளைவில் நிற்கிறது, யார் கதவைத் திறக்கிறார்கள், யார் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறார்கள் என்று பார்க்க ஆள் வேண்டாமா? குரங்குக்குப் போட்ட சிப்ஸ் அதைச் சாலையிலேயே குடியிருக்க வைக்கிறது, அடுத்த கார் அதை அடிக்கிறது. அறிவிப்புப் பலகை கையைப் பிடித்துத் தடுக்குமா? ஆள்தான் தடுக்க வேண்டும். அந்த ஆளோ வருஷக்கணக்காகத் தற்காலிகம், தொகுப்பூதியம். ‘மணியோசை வரும் முன்னே’ என்று வாய் நிறையச் சொல்கிறோம், அந்த மணியைக் கூலிக்கு வைத்திருக்கிறோம்.

அதனால் என் கோரிக்கை இது. நீண்ட காலமாகப் பணியில் இருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களைப் பணி நிரந்தரம் செய்ய வேண்டும். அதுவரைக்கும் முழுமையான காப்பீடும், நல்ல பூட்ஸும், டார்ச்சும், வேலை செய்கிற வாக்கி-டாக்கியும் கொடுக்க வேண்டும். இந்த வேலையை வெளி ஏஜென்சிக்குக் குத்தகைக்கு விடும் பேச்சே எழக் கூடாது. விடுமுறை நாள்களில் தெப்பக்காடு முதல் கர்நாடக எல்லையில் உள்ள கக்கநல்லா வரையிலும், மசினகுடிச் சாலையிலும் கூடுதலாக ரோந்து வைக்க வேண்டும். அதற்கு அந்தந்த ஊர் இளைஞர்களையே எடுக்க வேண்டும்.

வனத்துறை அமைச்சருக்கான மனு வாசலுக்கு அருகில் உள்ள மேசையில் இருக்கிறது. பெயர், ஊர், கையெழுத்து மூன்றும் வேண்டும். வெளியூரிலிருந்து சுற்றுலா வந்தவர்களும் போடலாம், அவர்கள் கையெழுத்துக்கு எடை அதிகம். ஜீப் ஓட்டுநர்கள் முதலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கு வழிவிடுங்கள். மருத்துவர் அவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார், நான் அமர்கிறேன். நன்றி, வணக்கம்.