தொழுநோயைக் கண்டறிந்த பஞ்சும் கண்ணாடியும்: வட ஆற்காட்டின் பழைய பரிசோதனை முறை

[காட்சி: புளியமரங்கள் நிற்கும் குடியாத்தம் சாலை]

வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் மாட்டு வண்டியிலும் பின்னர் காரிலும் சென்று, மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்துவந்தார். அங்கே வந்தவர்களில் தொழுநோயாளிகளும் இருந்தார்கள். 1955-இல் வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை எழுந்தது. அதன் களப்பணியாளர்கள் குடியாத்தம் தாலுகாவின் ஊர்களில் வீடு வீடாகச் சென்று நோயைத் தேடினார்கள்.

[காட்சி: முதுகில் வெளிறிய தேமல், பஞ்சுத் திரி]

பகல் வெளிச்சத்தில் உடல் முழுவதையும் பார்ப்பது முதல் வேலை. சற்று வெளிறிய தேமல் தென்பட்டால், நோயாளியைக் கண்ணை மூடச்சொல்லி, பஞ்சை மெல்லிய திரியாக்கி அந்த இடத்தைத் தொடுவார்கள். தொட்ட இடத்தை அவர் விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். தேமலின்மேல் தொட்டதை உணரவில்லையென்றால் அது தொழுநோயின் வலுவான அடையாளம், ஏனெனில் இந்தக் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் அவசியம். அதற்குப் பல நாள் பழகிய கை வேண்டும். ஆடையை விலக்கி உடலைக் காட்டவேண்டிய பரிசோதனை இது. பேர் வெளியே தெரிந்தால் வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமையாது என்று அஞ்சிய குடும்பங்களிடம் அதற்கு இசைவு பெற்றதையே அந்தப் பணியாளர்களின் பெரிய திறமையாக நான் மதிக்கிறேன்.

[காட்சி: காதுமடல், ஸ்லைடு, மைக்ராஸ்கோப்]

அடுத்தது தோல் கசிவுப் பரிசோதனை. காதுமடலை இறுகப் பிடித்து இரத்தத்தை விலக்கி, கத்தி முனையால் சிறு கீறல் இட்டு, அதன் ஓரத்தைச் சுரண்டி எடுத்த திசுநீரைக் கண்ணாடி ஸ்லைடில் பூசி, தீயில் காட்டி உலர்த்துவார்கள். சிவப்புச் சாயம் ஏற்றி அமிலத்தால் கழுவினால், மற்றவை நிறம் இழக்கும். 1873-இல் நார்வேயின் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி மட்டும் சிவப்பாகவே நிற்கும். பிறகு நீலச் சாயம் இட்டுப் பார்த்தால் அது தனித்துத் தெரியும்.

கிருமி குறைவாக உள்ளவர்களின் ஸ்லைடில் எதுவும் தென்படாமல் போகலாம். அவர்களை அடையாளம் காட்டியது பஞ்சுத் திரியே. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபோது, கிருமி மிகுந்தவர்களுக்குக் குறைந்தது 2 ஆண்டுகள், குறைந்தவர்களுக்கு 6 மாதங்கள் என்று சிகிச்சைக் காலம் பிரிக்கப்பட்டது. ஒருவர் எந்தப் பிரிவில் வருவார் என்பதைத் தீர்மானிப்பதில் அந்த ஸ்லைடில் தெரிந்த கிருமிகளின் எண்ணிக்கை முக்கிய இடம் பெற்றது.