‘நான்’ என்ற உணர்வைத் தருவது சமூகமும் பண்பாடுமே: ஒரு பட்டிமன்ற உரை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் பேச்சில் ஓட்டை தேடக் காத்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘நான் இன்னார்’ என்ற உணர்வு ஒருவருக்குப் பெரிதும் வாய்ப்பது பிறவி இயல்பாலா, சமூகத்தாலும் பண்பாட்டாலுமா என்பது இன்றைய தலைப்பு. எதிரணி நண்பர் இரண்டு வாதங்களை வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். பிரிந்து வளர்ந்த இரட்டையர்களும் குணத்தில் ஒத்திருக்கிறார்கள் என்பது ஒன்று. ஊரே ஒரு பக்கம் நிற்கையில் தனியாக எதிர்த்து நிற்பவரை எந்தச் சமூகம் உருவாக்கியது என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல வாதங்கள். இரண்டுக்கும் விடை சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

முதலில் அடிப்படைக்கு வருகிறேன். 1970இல் கார்டன் காலப் என்ற உளவியலாளர், கண்ணாடியோடு சில நாட்கள் பழகியிருந்த சிம்பன்சிகளை மயக்கமுறச் செய்து, அவற்றின் புருவத்திலும் காதிலும் சிவப்புச் சாயத்தைப் பூசினார். விழித்தெழுந்து கண்ணாடியைப் பார்த்த அவை, கண்ணாடியில் தெரிந்த உருவத்தை விட்டுவிட்டுத் தம் புருவத்தையே தொட்டுப் பார்த்தன. ‘விலங்குக்கே பிறவியில் தன்னுணர்வு இருக்கிறது, பாருங்கள்’ என்று எதிரணியினர் இதைக் கொண்டாடலாம். ஆனால் அடுத்த ஆண்டு வெளியான தொடர் ஆய்வையும் அவர்கள் படிக்க வேண்டும். தம் இனத்தின் முகத்தையே காணாமல் தனிமையில் வளர்க்கப்பட்ட சிம்பன்சிகள் இதே சோதனையில் தேறவில்லை. இனம் அதே இனம், கண்ணாடியும் அதே கண்ணாடி. இல்லாமற்போனது உறவு மட்டுமே. பிறர் நம்மை எப்படிக் காண்கிறார்கள், எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்வதிலிருந்துதான் நம்மைப் பற்றிய பெருமிதமோ நாணமோ பிறக்கிறது என்று சார்லஸ் கூலி என்ற சமூகவியலாளர் 1902இலேயே எழுதினார்.

மனிதக் குழந்தைக்கு வருவோம். ஹைடி கெல்லர் என்ற உளவியலாளரின் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கேமரூன் நாட்டின் நிசோ இன உழவர் குடும்பக் குழந்தைகளையும் கிரேக்க நகரக் குடும்பக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். உடலோடு அணைத்து வளர்க்கப்பட்ட நிசோ குழந்தைகள் பெரியவர் சொல்வதைக் கேட்டு நடக்க முன்னதாகவே கற்றுக்கொண்டார்கள். முகம் பார்த்துப் பேசியும் பொருள்களைக் காட்டியும் வளர்க்கப்பட்ட கிரேக்கக் குழந்தைகள் கண்ணாடியில் தம்மை முன்னதாகவே அடையாளம் கண்டார்கள். எது உயர்வு என்பது இங்கே கேள்வியே அல்ல. நடை பழகும் வயதிலேயே, தன்னைப் பற்றிய எந்த அறிவு முந்தி வர வேண்டும் என்பதை வளர்ப்பு முறை வழிநடத்திவிடுகிறது என்பதே நான் சொல்ல வருவது.

நினைவு என்னும் உட்கோட்டையிலும் இதுவே நடக்கிறது. கல்லூரி மாணவர்களிடம் அவர்களுடைய மிகப் பழைய நினைவு எது என்று சி வாங் என்ற ஆய்வாளர் கேட்டு, 2001இல் முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்க மாணவர்களின் முதல் நினைவு சராசரியாக மூன்றரை வயதைச் சேர்ந்தது. சீன மாணவர்களுடையது அதற்கு ஏறத்தாழ ஆறு மாதம் பிந்தியது. முன்னவர்களின் நினைவுகள் நீளமானவை, தம்மையே நடுவில் வைத்தவை. பின்னவர்களின் நினைவுகள் சுருக்கமானவை, பலரோடு சேர்ந்து செய்த வழக்கமான செயல்களைப் பற்றியவை. நம் வாழ்க்கையில் எதை நினைவில் வைத்துச் சொல்லத் தகும் என்பதைக்கூட, நம்மோடு பேசி வளர்த்தவர்களே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

இனி இரட்டையர் வாதம். மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1979இல் தொடங்கிய ஆய்வைத்தான் நண்பர் மனத்தில் வைத்துப் பேசினார் என்று எண்ணுகிறேன். குணநலன்களில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபணுவைச் சார்ந்தது என்பது அத்தகைய ஆய்வுகள் சொல்வது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு மக்கள் தொகுதிக்குள் காணப்படும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கே தவிர, ஒரு தனி மனிதரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு அன்று. மேலும், கூச்சமோ துணிச்சலோ பிறவியிலேயே வரலாம். அந்தக் கூச்சத்தை அடக்கம் என்று மெச்சுவதா, குறை என்று திருத்துவதா என்பதைச் சுற்றியிருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். கூச்சம் என்பது இயல்பு. ‘கூச்சப்படும் நான் தகுதியற்றவன்’ என்பதோ தன்னுணர்வு. நாம் வாதிட வந்திருப்பது இரண்டாவதைப் பற்றி.

அந்த இரண்டாவது எப்படி உருவாகிறது என்பதை, கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியர் 1947இல் வெளியிட்ட ஆய்வு அளவுக்கு வேதனையோடு காட்டியது வேறில்லை என்பேன். அமெரிக்காவில் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கருப்பினக் குழந்தைகளிடம், நிறத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஒன்றுபோலிருந்த பொம்மைகளைக் காட்டினார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் விளையாட விரும்பிக் கேட்டது வெள்ளைப் பொம்மையை. அதன் பிறகு, ‘உன்னைப் போல் இருக்கும் பொம்மை எது?’ என்று கேட்டபோது, சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையை விட்டே ஓடினார்கள். ‘நீ தாழ்ந்தவன்’ என்று சொல்லும் மரபணு எதுவும் இல்லை, நடுவர் அவர்களே. இனப்பிரிவினைப் பள்ளிகள் இருந்த தென் மாநிலங்களில் மட்டுமன்றி, இரு இனக் குழந்தைகளும் ஒன்றாகப் படித்த வட மாநிலப் பள்ளிகளிலும் இந்தப் போக்கு இருந்தது. ஆகவே பள்ளியை மட்டும் குற்றம் சொல்லித் தப்பவும் முடியாது. தெருவும் கடையும் படப்புத்தகமும் சேர்ந்தே அந்தப் பாடத்தை நடத்தியிருக்கின்றன.

‘நான் இன்னார்’ என்ற உணர்வு உருவாக இவ்வளவு ஆழமான வரலாறுகூடத் தேவையில்லை. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970இல் வெளியிட்ட சோதனையில், பெயருக்கு ஒரு காரணம் சொல்லிப் பள்ளிச் சிறுவர்களை ஏறக்குறையக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்ததுமே, முகம் தெரியாத தம் குழுவினருக்கு அவர்கள் அதிகப் பணம் ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எதிர்த்து நிற்பவருக்கு வருகிறேன். 1955இல் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத் தர மறுத்த கருப்பினப் பெண் ரோசா பார்க்ஸை விடச் சிறந்த சான்று எதிரணிக்குக் கிடைக்காது. அவர்கள் அந்தப் பெயரைச் சொல்லாததால் நானே சொல்கிறேன். வேலை முடிந்து களைத்துப்போன ஒரு பெண், தன் உள்ளத்தின் உந்துதலால் தனியாக எழுந்த எதிர்ப்பு என்றுதான் அந்தக் கதை பரவியிருக்கிறது. உண்மையில் அவர் 1943 முதல் கருப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் செயலாளராகப் பணியாற்றியவர். அதே 1955 கோடையில் ஹைலாண்டர் பயிற்சிப் பள்ளியில் இரு இனத்தவரும் சமமாகப் பழகிய பயிலரங்கில் கலந்துகொண்டு திரும்பியவர். ஒரு சமூகம் அவரைத் தாழ்ந்தவர் என்றது. இன்னொரு சமூகம் அவரைச் சமமானவர் என்றது. அவர் இரண்டாவதன் பக்கம் நின்றார். அவருடைய துணிவை நான் குறைக்கவில்லை. அது தனிமையில் விளைந்ததல்ல என்கிறேன்.

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, கிளார்க் தம்பதியரின் ஆய்வு தொடர்பான கட்டுரையையும் அடிக்குறிப்பில் சுட்டியது. சமூகத்தில் தமக்குள்ள இடம் தாழ்ந்தது என்ற எண்ணத்தைப் பிரித்துவைத்தல் குழந்தைகளின் உள்ளத்தில் விதைக்கிறது என்று அத்தீர்ப்பு கூறியது. அந்த எண்ணம் பிறவியிலேயே வந்ததாக நீதிபதிகள் கருதியிருந்தால், குழந்தைகளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுச் சட்டத்தை அப்படியே விட்டிருப்பார்கள். அவர்கள் சட்டத்தை மாற்றினார்கள். எங்கள் அணியின் வாதத்தையும் அதே இடத்தில் வைத்து எடை போடுமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.