அடுப்புக் காயிலை வெட்டி மாட்டினா என்ன ஆகும்?

[காட்சி: மேசை மேல பீங்கான் தட்டு. பள்ளத்துல கருகின காயில், நடுவுல அறுந்திருக்கு.]

வணக்கம்ங்க. தர்மபுரியில சின்னதா ரிப்பேர் கடை வச்சிருக்கேன். இந்தக் கரண்ட் அடுப்பு நேத்து பாலக்கோட்டுல இருந்து வந்தது. போன மாசம் காயில் அறுந்திருக்கு. கருகின துண்டை வெட்டிப் போட்டுட்டு, மீதி ரெண்டு முனையையும் வீட்டுலயே முறுக்கி விட்டிருக்காங்க. "முன்னைவிட நல்லா சூடாச்சுங்களே, அப்புறம் ஏன் போச்சு?"ன்னு அந்த அக்கா கேட்டாங்க. நல்லா சூடானதாலதான் போச்சு.

[காட்சி: பிளக்கைக் கழட்டிட்டு, புதுக் காயிலோட ரெண்டு முனையிலயும் மல்டிமீட்டர்.]

இது ஆயிரம் வாட் காயில். மீட்டர் 53 ஓம் காட்டுது. ஓம்ங்கறது கம்பி கரண்டை எவ்வளவு தடுக்குதுங்கற அளவு. நம்ம வீட்டு வோல்டேஜ் 230. அந்த 230ஐ 230ஆல பெருக்கி, ஓமால வகுத்தா வாட் வந்துடும். 52,900ஐ 53ஆல வகுத்தா ஆயிரத்துக்குப் பக்கத்துல நிக்குது. இதுல கால்வாசியை வெட்டிட்டா 40 ஓம். இப்ப வகுத்துப் பாருங்க, 1,300 வாட்டைத் தாண்டுது. கம்பி குறைஞ்சா சூடும் குறையும்னு நிறைய பேர் நம்புறாங்க. நடக்கறது நேர்மாறு.

"ஆயிரம் வாட் காயிலைப் பாதியா வெட்டினா ரெண்டாயிரம் ஆயிடும்ல?"ன்னு கேக்கறவங்களும் உண்டு. கணக்குப்படி ஆகும். ஆனா சூடு ரெண்டு மடங்கு, அதைத் தாங்குற கம்பி பாதி. ஒவ்வொரு அங்குலமும் முன்ன தாங்கினதைப் போல நாலு மடங்கு தாங்கணும். எப்படிங்க நிக்கும்?

[காட்சி: ரெண்டு கம்பிச் சுருள், பக்கத்துல பக்கத்துல.]

ரெண்டும் நிக்ரோம், நிக்கலும் குரோமியமும் கலந்த காயில் கம்பி. கேஜ் நம்பர் ஏற ஏற கம்பி மெலிசாகும். இடது பக்கம் 26 கேஜ், தடிமன் 0.46 மில்லிமீட்டர். ஆயிரம் வாட்டுக்கு இதுல சுமார் 8 மீட்டர் சுத்தணும். வலது பக்கம் 22 கேஜ், 0.71 மில்லிமீட்டர். ரெண்டாயிரம் வாட்டுக்கு இதுல ஒன்பதரை மீட்டர். கம்பி தடிச்சா ஓம் குறையும், அதனாலதான் நீளமாவே போட முடியுது. தடிமனும் நீளமும் சேரும்போது சூட்டை வெளியே விடுற மேல்பரப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆயிடுது. வாட்டும் ரெண்டு மடங்கு, பரப்பும் ரெண்டு மடங்கு. அப்பதான் காயில் உழைக்கும்.

நம்ம ஊர்ப் பக்கம் இன்னொரு சிக்கல் இருக்கு. சாயந்திரம் மோட்டார் எல்லாம் ஓடும்போது சில கிராமத்துல வோல்டேஜ் 180க்கு இறங்கிடும். அப்ப ஆயிரம் வாட் காயில் 600 வாட்தான் குடுக்கும். களிக்கு உலை கொதிக்கவே மாட்டேங்குதுன்னு காயிலைக் கொஞ்சம் வெட்டுவாங்க. அந்த நேரத்துக்கு 800 வாட் கிடைக்கும், சந்தோஷமா இருக்கும். ராத்திரி வோல்டேஜ் 230க்குத் திரும்பினதும் அதே காயில் 1,300 வாட் இழுக்கும். தயவு செஞ்சு அப்படிச் செய்யாதீங்க. கொதிக்கக் கொஞ்சம் நேரம் ஆனாலும் பரவாயில்லை.

ரெண்டாயிரம் வாட் போடறவங்க 16 ஆம்பியர் பிளக்குலதான் போடணும். அது 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும், சின்ன பிளக் உருகிடும். எர்த் கட்டாயம். மூடாத காயில்ல கரண்ட் ஓடுது, அலுமினியப் பாத்திரத்தோட அடி பட்டாலே போதும், ஷாக் அடிக்கும். பாத்திரம் வைக்கறதும் எடுக்கறதும் பிளக்கைக் கழட்டிட்டு. துடுப்பு மரத்துல இருக்கட்டும்.

[காட்சி: பள்ளத்து மேல நூல்.]

இப்ப மாட்டலாம். பள்ளம் சுத்தி நூலை வச்சு நீளம் பார்த்துக்கறேன். அந்த நீளத்துக்குக் காயிலைக் கொஞ்சம் கொஞ்சமா, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இழுக்கறேன். வெடுக்குன்னு இழுத்தா ஒரு பக்கம் விரிஞ்சு, இன்னொரு பக்கம் நெருக்கமா நிக்கும்.

[காட்சி: விளக்கை அணைச்சாச்சு. காயில் மெதுவா சிவக்குது.]

பாருங்க, சுத்தியும் ஒரே சிவப்பு. இந்த மூலையில மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தூக்கலாத் தெரியுது, அங்க சுருள் நெருங்கியிருக்கு. பிளக்கைக் கழட்டி, ஆறினதும் ஸ்க்ரூடிரைவரால அந்த நாலு சுத்தை விலக்கி விடறேன்.