சட்டக் கல்லூரிக்கு முன்னாடி எதைப் படிக்கணும்: எங்க அணிப் பேச்சு

நடுவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல சட்டம் படிக்கப் போற பிள்ளை அதுக்கு முந்தின டிகிரில பொலிட்டிக்கல் சயின்ஸ் எடுக்கணுமா, டெக்னிக்கல் கம்யூனிகேஷன், அதாவது மேனுவல் மாதிரி விஷயங்களைப் படிக்கிறவங்களுக்குப் புரியுற மாதிரி எழுதுற படிப்பு எடுக்கணுமான்னு தலைப்பு. நாங்க ரெண்டாவது பக்கம். மேனுவல் எழுதப் படிக்கிறவனுக்கு கோர்ட்ல என்ன வேலைன்னு எதிரணி அண்ணன் கேட்டாரு, கைதட்டலும் வாங்கிட்டாரு.

அண்ணே, மெய்ன் மாநிலத்துல ஓக்ஹர்ஸ்ட்னு ஒரு பால் கம்பெனி. யாருக்கு ஓவர்டைம் கிடையாதுன்னு அந்த ஊரு சட்டத்துல அப்போ ஒரு லிஸ்ட் இருந்துச்சு, பதப்படுத்துறது, ஸ்டோர் பண்றதுன்னு வரிசையா போய் கடைசில 'அனுப்பவோ விநியோகிக்கவோ பேக் பண்றது'ன்னும் படிக்கலாம், 'பேக் பண்றது, அப்புறம் விநியோகம்'னும் படிக்கலாம்ங்கிற மாதிரி இருந்துச்சு, ஏன்னா அப்போ நடுவுல ஒரு கமா இல்ல. டிரைவருங்க விடுவாங்களா, நாங்க பேக் பண்றதில்ல சார் வண்டிதான் ஓட்டுறோம், காசைக் குடுங்கன்னு கேஸ் போட்டாங்க. 2017ல அப்பீல் கோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு, 2018ல கம்பெனி 50 லட்சம் டாலருக்கு செட்டில் பண்ணுச்சு!

இதை யார் படிப்பாங்க, எங்க தப்பா புரிஞ்சுக்குவாங்கன்னு யோசிக்கிறதுதான் எங்க படிப்புல முதல் பாடமே. எழுதினதை ஒரு ஆள் கையில குடுத்து, எங்க முழிக்கிறாருன்னு பக்கத்துல உக்காந்து பார்க்கணும். அண்ணன் படிப்புல எழுதுற எஸ்ஸேவ ப்ரொஃபசர் ஒருத்தர்தான் படிப்பாரு, அவரும் சம்பளத்துக்காக.

கோர்ட்ல கேஸைக் கேட்டு முடிவு சொல்ற பொது ஜனக் குழு, அந்த ஜூரில உக்கார்றவங்க யாரு? பிளம்பர், டீச்சர். கலிஃபோர்னியால ஜட்ஜ் அவங்களுக்கு வாசிச்ச பழைய குறிப்புல 'வேண்டுமென்றே அல்லாத பிறழ் நினைவு அசாதாரணமானதன்று'ங்கிற ரேஞ்சுல ஒரு வரி. 2003ல சிவில் கேஸுக்கு அதை மாத்தி, ஜனங்க அடிக்கடி மறந்துபோவாங்க, தப்பா ஞாபகம் வச்சிருப்பாங்கன்னு எழுதினாங்க. அதான் எங்க சப்ஜெக்ட்.

ஒரு கண்டுபிடிப்புக்கு பேட்டன்ட், அதாவது தனி உரிமை கேட்டா, அந்தத் துறை ஆளு படிச்சுட்டு செஞ்சு பார்க்கிற அளவுக்கு விளக்கம் எழுதணும்னு அமெரிக்க பேட்டன்ட் சட்டமே சொல்லுது, 112ம் பிரிவு. மேனுவல்னு கிண்டல் பண்ணீங்களே! (பேட்டன்ட் வேலைக்கு சயின்ஸ், இன்ஜினியரிங் பின்னணியும் வேணும், ஒத்துக்கறேன்.)

லா ஸ்கூல்லயே லீகல் ரைட்டிங் சொல்லித்தர்றாங்களேன்னு அடுத்து வர்ற அக்கா கேப்பாங்க. தர்றாங்க, ஆனா அரசியல் சட்டமும் அங்கயே தர்றாங்களே, அப்போ உங்க பொலிட்டிக்கல் சயின்ஸ் மேஜர் எதுக்கு அக்கா?