எங்கள் பட்டாளத்தார்

வணக்கம் நேயர்களே. டிசம்பர் 7, படைவீரர் கொடி நாள். 1949 முதல் கடைப்பிடித்து வருகிறோம். இந்த நாளையொட்டி ஒரு படைவீரரைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டதும் எனக்கு எங்கள் பெரியப்பா முகம்தான் வந்தது. போன தை மாதம் காலமானார். பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'பட்டாளத்தார்' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும்.

1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு நிறைய ஆள் எடுத்தார்கள். கரிசல் காட்டு மானாவாரி விவசாயத்தை நம்பியிருந்த வீடு எங்களுடையது. மூத்தவர் அவர்தான். போனார். சேர்ந்தது மதராஸ் சாப்பர்ஸ். 1780-இல் தொடங்கிய பழைய படை, பெங்களூரில் பயிற்சி மையம். அந்தப் படைக்காரர்களை ராணுவத்தில் 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள். பாலம் போடுவதும் பாதை திறப்பதும் எதிரி புதைத்த கண்ணிவெடியை எடுப்பதும் அவர்கள் வேலை. காலாட்படையும் டாங்கியும் எங்கே போக வேண்டுமோ, அங்கே இவர்கள் முதலில் போயிருக்க வேண்டும்.

கல்யாணமாகி இரண்டு மாதத்தில் லீவு முடிந்து போய்விட்டார். பெரியம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. கடிதம் வந்தால் தபால்காரரோ வாத்தியாரோ திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார்கள், வீடே கேட்கும். அதனால் பெரியப்பா மழை உண்டா, மாடு நலமா என்பதற்கு மேல் எதுவும் எழுதுவதில்லை. அடுத்த லீவில் வந்தவர் திருமங்கலம் போய் சிலேட்டும் பலப்பமும் வாங்கிவந்தார். சாயங்காலமானால் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பெரியம்மாவை உட்கார வைத்து அ, ஆ எழுதச் சொன்னார். "இனிமே படிச்சு கலெக்டர் ஆகப்போறாளாக்கும்" என்று அப்பத்தா சடைத்துக்கொண்டார். அவர் விடவில்லை. லீவு முடியும்போது பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்ட வந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த இன்லாண்டுக் கடிதங்களை அவரே வாசித்தார். வீட்டுக்கும் வாசித்துக் காட்டுவார், கடைசி இரண்டு வரியைத் தவிர. அந்த வரிகளில் என்ன இருந்தது என்று அவருடைய மூன்று மகள்களுக்கும் இன்றுவரை தெரியாது.

1971 டிசம்பர். 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரியை வைத்து ஆள் காஷ்மீரில் இருக்கிறாரா, பஞ்சாபில் இருக்கிறாரா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. பஞ்சாயத்து ரேடியோவில் ஆகாசவாணி செய்தி சொல்லும் நேரத்துக்கு ஊர் ஆம்பளைகள் கூடுவார்கள். பெரியம்மா மூத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பாராம். 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த செய்தி வந்து ஊரே வெடி போட்டது. மேற்கில் சண்டை நின்றது மறுநாள் இரவுதான். ஆனால் கடிதம் வரவில்லை. பொங்கலை ஒட்டித்தான் வந்தது. "நான் சுகம். மூத்தவளுக்கு அம்மை குத்தியாச்சா?" என்று ஆரம்பித்த அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறது.

அந்த நாட்களில் அவர் இருந்தது மேற்கு முனையில், பாகிஸ்தான் எல்லைப் பக்கம், பசந்தர் ஆற்றோரம். ஆற்றைக் கடந்து டாங்கிகள் போக வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணிவெடி. டாங்கிக்கென்று புதைத்த பெரிய வெடி ஆள் மிதித்தால் பெரும்பாலும் வெடிக்காது. ஆனால் அதைச் சுற்றி ஆளுக்கென்று சின்ன வெடிகளையும் புதைத்து வைப்பார்கள். இருட்டில் குப்புறப் படுத்து, மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்த்து, தட்டுப்பட்டதை எடுத்து, திறந்த வழிக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்ட வேண்டும். மேலே குண்டு விழுந்துகொண்டிருக்கும். வழி முழுதும் திறக்கும் முன்பே நம் டாங்கிகள் உள்ளே புகுந்து அக்கரை சேர்ந்தன. 21 வயதில் உயிரைக் கொடுத்து, மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்ரபால் போரிட்டது அங்கேதான். அவர் பெயரைப் பலர் அறிவார்கள். வெடி எடுத்தவர்களின் பெயரும் தெரிய வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த 9-ஆவது பொறியாளர் ரெஜிமென்ட்டின் மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரி அந்த வேலையில்தான் உயிரைக் கொடுத்தார். அவருக்கு மகாவீர் சக்ரா. 'சவுத்ரி சாப்' என்று சொல்லும்போது பெரியப்பா உட்கார்ந்திருந்தாலும் நிமிர்ந்துகொள்வார்.

தன்னைப் பற்றி அவர் சொன்னது குளிரைத்தான். "விரல் மரத்துப்போகும். மரத்த விரலால வெடியைத் தொடக்கூடாது. கக்கத்துல கையை வச்சு சூடு வந்தப்புறம்தான் அடுத்தது. அவசரம்னு யார் சொன்னாலும் அப்படித்தான்."

ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, மதுரையில் ஒரு வங்கியில் காவலுக்குச் சேர்ந்தார். எங்கள் பக்கம் கோடை வந்தால் கிணறு ஆழப்படுத்துவார்கள். அடியில் பாறை, வேட்டு வைத்துத்தான் உடைக்க வேண்டும். வேட்டு வைக்க வேறு ஆள் வருவார். பெரியப்பா லீவு நாளில் போய்க் கிணற்று மேட்டில் நிற்பார். உள்ளே இறங்கியவர்களை எண்ணி அனுப்புவார், எண்ணி ஏற்றுவார். ஒருமுறை வைத்த வேட்டுகளில் ஒன்று வெடிக்கவில்லை. கிணற்றுக்காரருக்குக் கூலி ஏறுகிற கவலை, ஆளை இறக்கப் பார்த்தார். பெரியப்பா கயிற்றைச் சுருட்டித் தன் மேல் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பொழுது சாயும்வரை யாரும் இறங்கவில்லை. இறங்கியிருக்க வேண்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

மகள்களை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார். மூத்தவள் மதுரை மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் சேர்ந்தபோது, ஊரிலிருந்து கல்லூரி வாசல்வரை பஸ்ஸில் முதல்நாளே தனியாகப் போய்வந்தார். எந்த நிறுத்தத்தில் இறங்குவது, எந்தப் பக்கம் ரோட்டைக் கடப்பது, சாயங்கால பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, "இனி நீயே போ ஆத்தா" என்றார். கூடவே போகவில்லை. அந்த நாளில் எங்கள் ஊரில் பெண்பிள்ளையை அப்படி அனுப்பிய தகப்பன் அவர் ஒருவர்தான்.

இறந்த மறுவாரம் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பார்த்தோம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெறும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, கூட்டு வங்கிக் கணக்குப் புத்தகம், பெரியம்மாவின் ஆதார். எந்தத் தாளை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று மேலே ஒரு குறிப்பு. பெரியம்மா வாசிப்பதற்குத் தோதாகப் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். யாரையும் கெஞ்சாமல் குடும்ப ஓய்வூதியம் வந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் ஒரு பட்டாளத்தார் இருந்தால், அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மனைவியின் ஆதாரையும் இந்த வாரமே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் அவர் இருக்கும்போதே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.